அமிலம் பட்டால் தண்ணீரே முதல் மருந்து

ரப்பர்ப் பாலை உறையச் செய்வதற்குப் பார்மிக் அமிலம் பயன்படுவதை நாம் அறிவோம். சிலவகை எறும்புகள் தம்மைக் காத்துக்கொள்ளப் பீய்ச்சும் நீரிலும் இவ்வமிலமே உள்ளது. இலத்தீன் மொழியில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது.

எறும்பிடம் இருப்பது இம்மியளவு. பால் கொட்டகைக்கு வரும் கலனில் உள்ளதோ, பெரும்பாலும் 85 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட செறிவுடையது. அதனை நீரில் கலந்து, ஏறக்குறைய 2 விழுக்காட்டுக் கரைசலாக்கிய பின்னரே பாலில் சேர்க்கிறோம். ஆகவே, கலக்கும் வேளையே பேராபத்தான வேளையாகும். வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், அது சூடேறி முகத்தில் தெறிக்கக்கூடும். கண்ணாடி, கையுறை, காலணி ஆகியவற்றை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் நின்று கலப்பதே முறை.

இத்தனைக்குப் பின்னும் அமிலம் மேலே பட்டுவிட்டால் என்ன செய்வது? சிலர் எண்ணெய் தடவுவர். சிலர் சுண்ணாம்பு பூசுவர். சிலர் உடனே மருந்தகத்திற்கு ஓடுவர். அவ்வாறு கழியும் ஒவ்வொரு நிமிடமும் அமிலம் தோலைத் தின்றுகொண்டிருக்கும். பார்மிக் அமிலம் தண்ணீரில் எளிதிற் கரைவது. எனவே, நனைந்த உடையைக் களைந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் ஓடச் செய்க; அப்போதுதான் மற்றக் கண்ணுக்குள் அமிலம் வழியாது. அதன் பின்னரே மருத்துவமனைக்குச் செல்க. கழுவாமல் விரைந்தவர் பார்வையையே இழக்க நேரலாம்.

அமிலத்தைப் பானப் புட்டிகளில் ஊற்றி வீட்டிற்குக் கொண்டுவருவது பெருந்தவறு. குழந்தை அதனைப் பருகிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாமல், வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

தொழிலாளரின் பாதுகாப்பைப் பேணுவது முதலாளியின் கடமை என 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. கையுறை கேட்பது சலுகை கேட்பதன்று. வேலையில் காயமுற்றால், அது சிறிதேயாயினும் நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்வோம். சொக்சோ உதவி கோருவதற்கு அப்பதிவு துணைநிற்கும்.

நாளைக் காலை பால் கொட்டகைக்குச் சென்றதும் ஒன்றைக் கவனிப்போம்: அமிலக் கலனுக்கு அருகில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா?