சார்பு செய்த குழப்பம்
(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)



எங்கள் ஊர் காரவள்ளி. கொல்லிமலைக்குப் போகிற பஸ், மலை ஏறுவதற்கு முன் நிற்கிற அடிவாரத்து ஊர் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். அங்கிருந்து சோளக்காடு போகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் "கொண்டை ஊசி வளைவு". டிரைவர் அண்ணன்களுக்கு அது "பெண்டு". எங்கள் பாட்டிக்கு "முடக்கு". பேர் எத்தனை இருந்தாலும் எண் ஒன்றுதான். "27-ல லாரி நிக்குது" என்று யாராவது போன் செய்தால் கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் ஒரே இடம்தான் மனதில் வரும்.

இந்த எண் மாதிரி ஒன்று இல்லாமல் போனதால் ஒரு ஜூனியர் தம்பி மூன்று இரவு தூக்கம் கெட்டு, ரிவ்யூவில் தலைகுனிந்து நின்றான். அதற்குக் காரணம் நாங்கள் எழுதிய கையேடு. அதைச் சொல்லத்தான் மலர்க் குழுவிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் கொஞ்சம் விளக்கம். ஒரு புரோகிராம் பத்துப் பதினைந்து பைல்களாக இருக்கும். ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டதை மட்டும் செய்தால் போதும். எது பாதிக்கப்பட்டது என்று கண்டுபிடித்து அதை மட்டும் செய்து தருகிற கருவிதான் "மேக்". அதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்பு "மேக்பைல்".

ராகிக் களி கிண்டுவதை எடுத்துக் கொள்ளுங்கள். களிதான் நமக்கு வேண்டியது: அது டார்கெட். மாவும் தண்ணீரும் இருந்தால்தான் களி: அவை பிரீரெக்விசிட். உலை வை, மாவைக் கொட்டு, கிண்டு: இது ரெசிப்பி. மூன்றும் சேர்ந்தது ஒரு ரூல். மாவுக்கும் தனியாக ஒரு ரூல் உண்டு, அதற்கு ராகி வேண்டும். களியைவிட மாவு புதியது என்றால் மேக் மறுபடி களி கிண்டும். மாவு பழையதே என்றால் கிண்டாது. புதியது, பழையது என்பதை பைல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற நேரத்தை வைத்தே அது முடிவு செய்கிறது. மாவு வேண்டும் என்பதை எழுத நாம் மறந்துவிட்டால், மாவு மாறியது அதற்குத் தெரியவே தெரியாது. பழைய களியையே எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மேக் பிறந்த கதையே இப்படிப்பட்ட ஒரு பழைய களியில்தான். 1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீவ் ஜான்சன் என்ற நிபுணர் (யாக் என்ற கருவியை எழுதியவர்) ஒரு காலை முழுதும் சரியாக இருந்த புரோகிராமில் தப்புத் தேடினார். தப்பு ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. கம்பைல் செய்யத்தான் விட்டுப்போயிருந்தது. அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் மேக். அதற்காக ஃபெல்ட்மனுக்கு 2003-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது கிடைத்தது. ரெசிப்பி வரியின் தொடக்கத்தில் டேப் அடிக்காவிட்டால் மேக் கோபித்துக் கொள்ளுமே, அதுவும் அவர் வைத்ததுதான். மாற்ற நினைத்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். இன்றைக்கு லேபில் நாம் படும் பாடு அந்தப் பத்துப் பேருக்காக!

நிற்க. எங்கள் கையேட்டுக்கு வருகிறேன்.

போன வருஷம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஜூனியர்களுக்காகத் தமிழில் 14 பக்கத்தில் ஒரு மேக் கையேடு எழுதினோம். ஆளுக்கு ஒரு பகுதி. நல்ல எண்ணத்தோடுதான் எழுதினோம். ஆனால் உட்கார்ந்து சொற்களைப் பேசி முடிவு செய்யவில்லை. டார்கெட்டை நான் "இலக்கு" என்று எழுதினேன். இரண்டாமவன் "குறி" என்றான். மூன்றாமவன் "டார்கெட்" என்றே விட்டான். இதனால் பெரிய நஷ்டமில்லை. கொஞ்சம் திணறி, மூன்றும் ஒன்றுதான் என்று படிப்பவன் கண்டுபிடித்து விடுவான். ஒரு பொருளுக்குப் பல சொல் என்பது நமக்குப் புதிதா? குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்வதை மற்ற ஊரில் மரவள்ளிக்கிழங்கு என்கிறார்கள். கிழங்கு மாறிப் போவதில்லை.

ஆபத்து மற்றதில் இருக்கிறது: இரண்டு பொருளுக்கு ஒரே சொல்.

பிரீரெக்விசிட்டுக்கு நான் "சார்பு" என்று போட்டேன். ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது அல்லவா, பொருத்தம்தானே என்று நினைத்தேன். மூன்றாம் பகுதி எழுதியவன் தமிழ் மீடியத்தில் படித்தவன். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஃபங்ஷனுக்குச் சார்பு என்றுதான் பெயர். அவன் சி மொழியின் ஃபங்ஷனையும் சார்பு என்றே எழுதினான். அவனும் தப்பில்லை, நானும் தப்பில்லை. இரண்டும் ஒரே அட்டைக்குள் வந்ததுதான் தப்பு.

அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு மலைமேலிருந்து வரும் ஒரு தம்பி புராஜெக்ட் செய்தான். மிளகு வியாபாரத்துக்கு பில் போடும் புரோகிராம். அவர்கள் வீட்டிலேயே மிளகு உண்டு. "இலக்குக்குப் பக்கத்தில் அதன் சார்புகள் அனைத்தையும் எழுதவும்" என்று நான் எழுதியிருந்ததைப் படித்து, ஆப்ஜெக்ட் பைலுக்குப் பக்கத்தில் தன் ஃபங்ஷன்களின் பெயர்களை எல்லாம் எழுதியிருக்கிறான். அப்படி ஒரு டார்கெட்டை உண்டாக்க ரூல் எதுவும் இல்லை என்று மேக் நின்றுவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சி பைலின் பெயரை மட்டும் வைத்தான். உடனே வேலை செய்தது. அதோடு விட்டுவிட்டான். பில்.எச் என்ற ஹெடர் பைலின் பெயரும் அங்கே இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

பில்.எச்-சில் எடை, விலை, தொகை என்று மூன்று அறைகள் வரிசையாக இருந்தன. ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னால் எடைக்கு அடுத்து "ஈரக்கழிவு" என்று ஓர் அறையை நடுவில் சேர்த்தான். கணக்குப் போடும் பைலையும் விவரம் வாங்கும் பைலையும் திருத்தினான். அவை மறுபடி கம்பைல் ஆயின. கழிவைத் தனியாக அச்சிட வேண்டியதில்லை என்பதால் அச்சிடும் பைலைத் தொடவில்லை. மேக்கும் தொடவில்லை. எனவே அச்சிடும் பகுதிக்கு மட்டும் இன்னமும் பழைய வரிசைதான்: இரண்டாவது அறை விலை, மூன்றாவது அறை தொகை.

40 கிலோ மிளகு, 2 கிலோ கழிவு, கிலோ 500 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் தொகை 19,000 வர வேண்டும். பில்லில் வந்தது விலை 2, தொகை 500. "என்னப்பா, கொல்லிமலை மிளகு கிலோ ரெண்டு ரூபாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். அறையே சிரித்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி காட்டு என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தப்பு ரிவ்யூவுக்கு முன்பே அவனுக்குத் தெரியும். மூன்று இரவு தேடியிருக்கிறான். பெருக்கலை மாற்றி, கழித்தலை மாற்றி, சரியாக இருந்த கணக்கைக் கெடுத்து, மறுபடி சரி செய்து, ஜான்சன் பட்ட பாட்டையெல்லாம் பட்டிருக்கிறான். ரிவ்யூ முடிந்த மறுநாள் சேந்தமங்கலம் தாண்டிப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் சொன்னான்.

"மேக்பைல்ல பில்.எச் பேரு போட்டியா தம்பி?"

"இல்லீங்கண்ணா. சார்பைத்தான போடச் சொல்லியிருக்கீங்க. அதுல சார்பு ஒண்ணுமே இல்லீங்களே, வெறும் ஸ்ட்ரக்சர்தானுங்களே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. காரவள்ளி வந்து இறங்கும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு குனு மேக்கின் ஆங்கிலக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். ரிச்சர்ட் ஸ்டால்மன், ரோலண்ட் மெக்ராத், பால் ஸ்மித் ஆகியோர் எழுதியது. அவர்களும் இந்தச் சங்கடத்தில் சிக்கித் திருந்தியவர்களாகத்தான் தெரிகிறது. பழைய பதிப்புகளில் "டிபெண்டென்சி" என்று இருந்தது பின்னால் "பிரீரெக்விசிட்" ஆயிற்று. 3.81 வரை "கமாண்ட்" என்று இருந்தது, 2010-ல் வந்த 3.82-ல் "ரெசிப்பி" ஆயிற்று. வீண் வேலை என்று எனக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் புரிந்தது: மேக் ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஷெல்லில் ஓட்டும். முதல் வரியில் டைரக்டரி மாறினால் இரண்டாம் வரியில் அந்த மாற்றம் இருக்காது. ஆகவே மொத்தத்துக்கு ஒரு பெயர், ஒரு வரிக்கு ஒரு பெயர் இருந்தால்தான் இதை ஒழுங்காக விளக்கவே முடியும். ஆனாலும் பழைய சொல் முற்றாகப் போகவில்லை. அதன் சோர்ஸுக்குள் இன்னும் "டெப்" என்றுதான் இருக்கிறது.

வேறு கருவிக்குப் போனால் அதே சொல் வேறு ஆளாகிவிடும். மேவனில் டிபெண்டென்சி என்றால் வெளியிலிருந்து கொண்டுவரும் லைப்ரரி. சிமேக்கில் டார்கெட் என்றால் பெரும்பாலும் ஒரு முழு புரோகிராம் அல்லது லைப்ரரி. ஆகவே கையேட்டின் முதல் பக்கத்திலேயே எந்தக் கருவியின் சொல் என்று சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் இந்த வேலை புதிதல்ல. நமக்குப் பக்கத்திலுள்ள சேலத்திலேயே 1916-ல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள்; பாரதியார்கூட அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ரசாயனத்துக்கும் தாவரவியலுக்கும் சொல் தேடி, ஒன்றுகூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேர், ஒரே ஹாஸ்டல் அறை. எங்களால் அரை மணி நேரம் கூடிப் பேச முடியவில்லை.

இந்த வருஷம் பேசினோம். டார்கெட்: இலக்கு. பிரீரெக்விசிட்: முன்தேவை. ரெசிப்பி: செய்முறை. ரூல்: விதி. சார்பு என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்துக்கே விட்டுக்கொடுத்தோம். எங்கள் கையேட்டில் அது ஃபங்ஷன் மட்டும்தான். ஆப்ஜெக்ட் பைலை "பொருள் கோப்பு" ஆக்கலாம் என்று ஒருவன் சொன்னான், நான் ஒப்பவில்லை. பொருள் என்றால் அர்த்தம், சாமான், செல்வம், இன்னும் என்னென்னவோ. ஆப்ஜெக்ட் பைல் அப்படியே இருக்கட்டும். "தொகு"வையும் ஒதுக்கினோம்: கம்பைலருக்குத் தொகுப்பி என்கிறார்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் தொகு என்றால் எடிட். எனவே கம்பைல் என்றே எழுதுகிறோம். தூய தமிழ் அன்பர்கள் மன்னிக்கவும். புரியாத தமிழைவிடக் குழப்புகிற தமிழ் மோசம் என்பது என் கருத்து.

பழைய கையேட்டைத் திருத்தும்போது ஒன்று கற்றுக்கொண்டேன். "சார்பு" என்று கம்ப்யூட்டரில் தேடினால் சார்பை, சார்பின், சார்பில் எல்லாம் தப்பித்துவிடும். யூனிகோடில் ப என்ற எழுத்துக்குப் பின்னால் உகரக் குறி தனியாக நிற்பதால், குறியை விட்டுவிட்டு "சார்ப" என்று கிரெப்பில் தேட வேண்டும். எல்லாம் வந்துவிடும். ஆனால் அதையே மொத்தமாக மாற்றச் சொல்லிவிடாதீர்கள். எங்களில் அவசரக்காரன் ஒருவன் "சார்ப" என்பதை "முன்தேவ" என்று ஒரே அடியாக மாற்றினான். கடைசிப் பக்கத்தில் "மாணவர் மன்றத்தின் சார்பில் நன்றி" என்று இருந்தது "மாணவர் மன்றத்தின் முன்தேவில் நன்றி" ஆகிவிட்டது. ஏதோ புதுச் சாமி பெயர் போல! ஒவ்வொரு இடமாகக் கண்ணால் பார்த்து மாற்றியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

தம்பியின் மேக்பைலில் பில்.எச் பெயரை மூன்று விதிகளிலும் முன்தேவையாகச் சேர்த்தோம். அச்சிடும் பைல் மறுபடி கம்பைல் ஆயிற்று. அடுத்த ரிவ்யூவில் 19,000 வந்தது. ஹெடர் பெயர்களைக் கையால் எழுதாமல் ஜிசிசியிடமே "எம்எம்" என்ற ஆப்ஷன் கொடுத்துப் பட்டியல் வாங்கலாம் என்பதையும் புதிய கையேட்டில் சேர்த்திருக்கிறோம்.

"பில்ட்" என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. "கட்டு" என்றால் ஒருவனுக்குச் சிரிப்பு வருகிறது, "உருவாக்கு" என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. கையேடு லேப் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. கடைசித் தாளை வெறுமையாக விட்டிருக்கிறோம். தோன்றுகிற சொல்லைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.