ஆயா கைநாட்டு வைக்கலாமா?

அன்புள்ள தேன்மொழி,

நீ போனில் படம் பிடித்து அனுப்பிய மருந்து ஆராய்ச்சித் தகவல் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மருந்துகளைத் தனித்தனி மாத்திரையாகக் கொடுப்பதா, ஒன்றாகச் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுப்பதா, எதில் அழுத்தம் நன்றாக அடங்குகிறது என்று பார்க்கப்போகிறார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். இதைக் கேட்டுவிட்டுத்தான் உன் ஆயா, அதாவது என் அம்மா, "என்ன எலியாக்கப் பாக்குறாங்க, நான் கைநாட்டு வெக்க மாட்டேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்கிற நீ, யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்கிறாய்.

வை என்றும் சொல்லமாட்டேன், வைக்காதே என்றும் சொல்லமாட்டேன். அது அம்மாவின் விரல். ஆனால் அவள் கோபம் எதன்மேல் என்று பார். மாத்திரைமேல் அவளுக்குக் கோபமில்லை, அம்லோடிபினைப் பல வருஷமாக முழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். குலுக்கல்தான் அவளை உறுத்துகிறது. "எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதா? சீட்டுப் போட்டா வைத்தியம் பாப்பாங்க?" என்கிறாள். பல சமயம் டாக்டருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. வார்டில் காலம் தள்ளிய நர்ஸ் சொல்கிறேன், நம்பு.

ஒரு டாக்டர் ஒரு மருந்தை எழுதிக் கொடுக்கிறார். குணமானவர்கள் பழக்கூடையோடு வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். குணமாகாதவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள், அல்லது ஊரிலேயே செத்துப்போகிறார்கள். டாக்டரின் நினைவில் நிற்பது பழக்கூடைதான். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அதனால்தான் பெரிய டாக்டரின் அனுபவம் ஒன்றை மட்டும் வைத்து ஒரு மருந்தை நம்பிவிட முடிவதில்லை.

2020 கொரோனா சமயத்தில் நீ சின்னப் பெண். ஆனாலும் 'பிளாஸ்மா வேண்டும், பி பாசிட்டிவ்' என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வந்த செய்திகள் ஞாபகம் இருக்கும். குணமானவரின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்று எல்லோரும் நம்பினோம், நானும்தான். அந்தச் சந்தடிக்கு நடுவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பிளாஸ்மா கொடுத்தது. மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நோய் முற்றியவர்கள், இறந்தவர்கள் என்று சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம், ஏற்றாதவர்களில் 18. வித்தியாசமே இல்லை. 2021 மே மாதம் அரசின் சிகிச்சை நெறிமுறையிலிருந்தே பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். குலுக்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் யாராவது ஒரு மகன் பிளாஸ்மா கேட்டு ராத்திரியெல்லாம் அலைந்துகொண்டிருப்பான்.

இந்த முறையில் உலகத்துக்கே வழிகாட்டிய ஆராய்ச்சி ஒன்று நம் சென்னையில் நடந்தது. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயர் சானடோரியம். காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று பார்த்துக்கொண்ட இடம். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அந்தக் கட்டில்கள் எந்த மூலைக்கு? 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து செய்த வேலை. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார்.

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கலில் சிலர் சானடோரியத்துக்குப் போனார்கள், சிலர் தங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டுக்கே திரும்பினார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே ஒரு வருஷம். சானடோரியக்காரர்களுக்கு ஊட்டமான சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன, எடையும் கூடினார்கள். வீட்டுக்காரர்களுக்கு அரைவயிறு, நெரிசல், முடிந்தபோது வேலையும் உண்டு. அவர்கள் மருந்தை ஒழுங்காக முழுங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே ஆள் போய் மாத்திரையை எண்ணும், சிறுநீரைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டு வரும். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் என்று நினைக்காதே. யாரோ ஒருவர் சேற்றுச் சந்துக்குள் இறங்கி டப்பாவைத் திறந்து எண்ணியதுதான் அதன் முக்கால் பங்கு.

வருஷக் கடைசியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. இவ்வளவு வசதி வித்தியாசத்துக்குப் பிறகும் அவ்வளவுதான் இடைவெளி, போகப்போக அதுவும் மறைந்தது. வீட்டில் கூட இருந்த குழந்தைகுட்டிகளுக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. 1959-ல் முடிவு அச்சானது. கட்டிலும் பால்முட்டையும் நல்லதுதான், ஆனால் டி.பி.யை அடக்குவது மருந்து என்று எல்லா நாட்டுக்கும் தெரிந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்தன. அந்த 193 பேரைக் குலுக்கிப் போடாமல், வசதி உள்ளவர் சானடோரியத்துக்கும் இல்லாதவர் வீட்டுக்கும் என்று விட்டிருந்தால் எதையுமே கண்டுபிடித்திருக்க முடியாது. பணக்காரர் பிழைத்தது பணத்தாலா சானடோரியத்தாலா என்று யார் பிரித்துச் சொல்வது?

எத்தனை பேர் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். தேடுகிற வித்தியாசம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு அதிக ஆட்கள் வேண்டும். சீனாவில் 1999-லிருந்து 2005 வரை ஒரு மாரடைப்பு ஆராய்ச்சி நடந்தது. 1,250 மருத்துவமனைகள், 45,852 நோயாளிகள். எல்லோருக்கும் ஆஸ்பிரின் உண்டு. அதோடு பாதிப் பேருக்குக் க்ளோபிடோக்ரெல், மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. இறப்பு ஒரு பக்கம் 7.5 சதவீதம், மறுபக்கம் 8.1. ஆயிரம் பேருக்கு ஆறு உயிர். எந்த டாக்டரும் தன் வார்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. நூறு பேரைப் பார்த்தால் வித்தியாசம் ஒரு ஆளுக்கும் குறைவு. ஆனால் சீனா, இந்தியா மாதிரி ஜனத்தொகையில் மாரடைப்பு வந்தவர்களை எண்ணினால் அந்த ஆறு எவ்வளவு பெரிசு என்று நீயே போட்டுப் பார். உன் பெரிய தாத்தா ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினோடு சேர்த்துச் சாப்பிடுகிற மாத்திரை இந்தக் க்ளோபிடோக்ரெல்தான்.

அதே நோயாளிகளிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலாலை மாரடைப்பு வந்த உடனேயே ஊசியில் போட்டால் நல்லதா? சிலரைத் தாறுமாறான துடிப்பிலிருந்து அது காப்பாற்றியது, வேறு சிலரை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளியது. கூட்டிக் கழித்தால் மொத்த இறப்பில் மாற்றமில்லை. அதற்கப்புறம் டாக்டர்கள் அந்த ஊசியை அவசரப்பட்டுப் போடுவதை விட்டார்கள். நல்லதைக் கண்டுபிடிப்பதை விட, நல்லது என்று நினைத்துச் செய்துகொண்டிருப்பதை நிறுத்த வைக்கிற ஆராய்ச்சிதான் எனக்கு ஒரு படி மேல்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கணியம்பாடி வட்டாரத்தில் பிறந்த உனக்கு ஒரு பெருமை இருக்கிறது, உனக்கே தெரிந்திருக்காது. சீட்டுப் போட்டு ஒப்பிட்டாலும் மருத்துவமனை ஆராய்ச்சிக்கு ஒரு குறை உண்டு. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள் மட்டும்தான் அதன் கணக்கில் வருவார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாதவள், அமிர்தி காட்டுப்பக்கம் ஜவ்வாது மலையடியில் இருப்பவர், 'சரியாகிவிடும்' என்று கிடந்தே போனவர், இவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பின்னத்தில் மேலே இருக்கும் எண் தெரிகிறது, கீழே இருக்க வேண்டிய எண் தெரியவில்லை என்று வைத்துக்கொள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலத்துறை, நம் ஊர் வாயில் சொன்னால் பாகாயம் சாட் ஆஸ்பத்திரி, அந்தக் கீழ் எண்ணைத் தேடித்தான் நம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டது. ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். யார் கர்ப்பம், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் தவறினார் என்று அவள் சொல்வாள். அவளுக்கு மேல் சுகாதார உதவியாளர், அவருக்கு மேல் நர்ஸ், கடைசியில் டாக்டர். ஒரு காலத்தில் சீனத்துக் கிராமங்களில் 'வெறுங்கால் மருத்துவர்' என்று விவசாயிகளையே பழக்கி வைத்தார்கள், அந்த மாதிரிதான். இங்கே 1986-லிருந்தே இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அப்போது நம் ஊரில் பாதி வீட்டில் கரண்ட் விளக்குக்கே வழியில்லை.

ஒருவர் வீட்டிலேயே இறந்துவிட்டால் அதையும் விடுவதில்லை. துக்கம் கொஞ்சம் ஆறியபின் போய் உட்கார்ந்து, கடைசி நாட்களில் மூச்சு வாங்கியதா, காய்ச்சல் எத்தனை நாள், கை கால் விழுந்ததா என்று நிதானமாகக் கேட்டு, எதனால் இறந்தார் என்று டாக்டர்கள் தீர்மானிக்கிறார்கள். அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். என் அப்பா தவறியபோது வந்தவர்களுக்கு மோர் கொடுத்தவளே அவள்தான்.

அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதியதில் ஒரு கசப்பான உண்மை வெளியே வந்தது. 1994 முதல் 1999 வரை நம் வட்டாரத்தில் தற்கொலைச் சாவு வருஷத்துக்கு லட்சம் பேரில் 95. நாட்டின் போலீஸ் கணக்கோ லட்சத்துக்குப் பத்து பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. கணியம்பாடி மட்டும் சபிக்கப்பட்ட ஊர் என்று இதற்கு அர்த்தமில்லை. மற்ற இடங்களில் வயிற்றுவலி, விபத்து என்று மூடி மறைத்ததை இங்கே வீட்டுப் படியேறிக் கேட்டார்கள், அவ்வளவுதான். மனக்கஷ்டம் பட்டணத்துக்காரர்கள் வியாதி என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நம் ஊர் ஏடு பதில் சொன்னது. உன் சிநேகிதிகள் யாராவது மனசு உடைந்து பேசினால் கேட்டு வைத்துக்கொண்டு சும்மா இராதே, உன் டீச்சரிடமோ என்னிடமோ உடனே சொல். 104-க்குக் கூப்பிட்டாலும் பேசுவார்கள்.

உன் சித்தி குழந்தைக்கு ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் வாயில் விட்ட ரோட்டா சொட்டு மருந்திலும் வேலூருக்குப் பங்குண்டு. ரோட்டாவாக் என்ற இந்தியத் தடுப்பு மருந்தை 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது டெல்லி, புனே பகுதிகளோடு மூன்றாவது இடம் வேலூர். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்குச் சற்று மேல் குறைந்தது. பாதிதானா என்று உதட்டைப் பிதுக்காதே. வார்டில் கண் குழிவிழுந்து கிடந்த குழந்தைகளுக்கு நரம்பு தேடித் தேடி ஊசி போட்டவளுக்கு அந்தப் பாதியின் அருமை தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மாவின் பயத்தைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனசில்லை. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. 2009-ல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பெரும்பாலும் ஏழை, பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆராய்ச்சியாகப் போட்டார்கள். விடுதிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் கையெழுத்தே இல்லை, வார்டன் போட்ட கையெழுத்துதான். சில பிள்ளைகள் இறந்ததும் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்றுதான் விசாரணையில் வந்தது, ஊசியும் நல்ல ஊசிதான். ஆனால் 2013-ல் நாடாளுமன்றக் குழு அந்தக் கையெழுத்து விஷயத்தைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்து சரியாக இருந்தும் கேட்ட முறை தப்பாகப் போனதால் அந்த ஊசிமேல் வந்த சந்தேகம் தீர வருஷங்கள் ஆயின. சீனாவில் வேறு மாதிரிக் கோளாறு. 2015-ல் அந்நாட்டு மருந்து ஆணையம் 1,622 மருந்து விண்ணப்பங்களின் ஆராய்ச்சிக் கணக்குகளைச் சரிபார்த்துத் தரச் சொன்னது. பெரும்பாலான விண்ணப்பங்களை நிறுவனங்கள் தாங்களாகவே திரும்ப வாங்கிக்கொண்டன. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அம்மா கேட்கட்டும், நீ பக்கத்தில் இரு. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு அந்த ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும், தாளைத் தமிழில் முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். படிப்பது நீயாக இருந்தால் நல்லது. பாதியில் 'வேண்டாம்' என்றால் வழக்கமான வைத்தியம் நிற்குமா என்று கேள். நிற்கக் கூடாது. மாத்திரையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேள். 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி சோதனையால் வந்த கேட்டுக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. தாளின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கிறதா பார். அப்புறம் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவெண். 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனை எதுவும் அந்தப் பதிவேட்டில் ஏறாமல் தொடங்கக் கூடாது. ஒரு நாள் யோசித்துச் சொல்கிறோம் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்பதையும் கவனி. பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். நல்ல ஆராய்ச்சிக்காரர் 'நாளைக்கு வரேன் ஆயா' என்று கிளம்பிவிடுவார். எல்லாம் கேட்டபிறகும் அம்மா வேண்டாம் என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை, அது எல்லா ஆராய்ச்சிக்காரர்கள்மேலும் உண்டு. இரத்தம் எடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள், முடிவு லண்டனிலோ நியூயார்க்கிலோ அச்சாகும். கை நீட்டிய ஜனங்களுக்கு என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. அந்தத் தாளை மறுபடி பார்த்துவிட்டேன், முடிவை ஊருக்குச் சொல்வோம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஆராய்ச்சிக்காகத் தாள் கொண்டுவந்த அக்கா அடுத்த தடவை வரும்போது இதைக் கேள். ஆராய்ச்சி முடிந்ததும் கிராம சபையில் வந்து தமிழில் சொல்ல முடியுமா, யார் வந்து சொல்வார்கள் என்று எழுதித் தரச் சொல். அக்டோபர் 2 கிராம சபைக்கு நானும் வரப் பார்க்கிறேன். உன் அப்பாவிடம் சொல்லி ஊராட்சித் தலைவர் காதில் முன்கூட்டியே போட்டு வை.

அன்புடன்,
அத்தை