ஸ்டிக் வாங்கினால் ஜெயிக்கலாமா?

ஃபைட்டிங் கேமுக்கு எந்த கன்ட்ரோலர் வாங்கலாம் என்று யோசிக்கிற ஒருவர் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருந்தால், நாலைந்தைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதெல்லாம் நடக்காத காரியம். படத்தைப் பார்க்க வேண்டும், யூடியூபில் யாரோ சொல்வதைக் கேட்க வேண்டும், ஆர்டர் போட்டுவிட்டு கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் பாடு வேறு. தொட்டுப் பார்க்க வழியில்லாத பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் வேதவாக்காகிவிடும். அதில் பாதி, வேறு ஊர்க்காரர்களின் பழக்கம்.

நம்பிக்கை: ஆர்கேட் ஸ்டிக் இல்லாதவன் சீரியஸான ஆட்டக்காரனே இல்லை.

இது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிறந்த நம்பிக்கை. 1991-இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, காசு போட்டு ஆடும் மெஷினில்தான் முதலில் வந்தது. அதில் ஒரு குச்சி, ஆறு பட்டன். அதைப் பிடித்தே வளர்ந்தவர்கள் வீட்டிலும் அதே அமைப்பைத் தேடினார்கள்; நியாயம்தான். நம் பக்கம் கதை வேறு. 90-களில் வீடியோ கேம் கடையில் காசு போட்டு ‘முஸ்தபா’ ஆடியவர்களுக்குக் குச்சி தெரியும். அவர்களுக்கு இப்போது பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயது வந்துகொண்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் டிவி கேம் பேடிலும், மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிய பிஎஸ்2 கடையிலும், கம்ப்யூட்டரில் டெக்கன் 3-இலும் கை பழகியவர்கள். இடது கட்டைவிரலுக்குப் பல வருஷ அனுபவம் இருக்கிறது, மணிக்கட்டுக்கு எதுவும் இல்லை. ஸ்டிக் வாங்கும் அன்று அந்த மணிக்கட்டை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

பேடில் ஆடிப் பட்டம் வெல்ல முடியாதா? லாஸ் வேகாஸில் நடக்கும் ஈவோதான் ஃபைட்டிங் கேம்களின் பெரிய திருவிழா. அங்கே 2014-இல் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸின் லூஃபி கையில் வைத்திருந்தது முதல் பிளேஸ்டேஷனின் பேட். 1994-இல் வந்த கருவி அது. 2024-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பட்டத்தை வென்ற அமெரிக்கரான பங்கும் பேட் பிடித்து ஆடுபவர்தான்.

ஸ்டிக்கால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குத்து மூன்று, உதை மூன்று. ஸ்டிக் பெட்டியில் ஆறும் விரல்களுக்கு நேர் கீழே விரிந்து கிடக்கும். சாதாரண பேடில் முகப்பில் நாலுதான், மிச்சம் இரண்டும் மேல்பக்கத்து ஆள்காட்டி விரலுக்குப் போய்விடும். டெக்கனில் அந்தச் சிக்கல் இல்லை. இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால் என்று ஆளின் உடம்புக்கு நாலு, பேடின் முகத்துக்கும் நாலு. ஆகவே எந்த ஆட்டம் என்று தெரியாமல் எந்த கன்ட்ரோலர் என்று பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

நம்பிக்கை: வயர்லெஸ் என்றால் லேக், அதனால்தான் தோற்கிறேன்.

இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. ஃபைட்டிங் கேம்கள் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன; ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் எதிராளி டிரைவ் இம்பாக்ட் என்ற அடியைப் போட்டால் அது நம்மை அடைய 26 ஃபிரேம், அதாவது 430 மில்லி விநாடிக்குச் சற்று மேல். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்தச் சாதாரண மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி பிடிக்கும். மிச்சம் 200 சொச்சம். நல்ல கம்பெனி பேடை வயரில் போட்டு ஆடுவதற்கும் ப்ளூடூத்தில் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 200-இல் சில மில்லி விநாடிகள்தான். வரவேற்பறை டிவியின் கணக்கு அப்படியில்லை. படத்தை மெருகேற்றும் வேலைகளையெல்லாம் செய்துவிட்டுத்தான் அது திரையில் காட்டும். கேம் மோடு போடாத பல டிவிகளில் இதற்கே 100 மில்லி விநாடி வரை போய்விடும். ஆறு ஃபிரேம்! எதிராளி கையை ஓங்கிய சங்கதி நமக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. பழி மட்டும் கன்ட்ரோலர் மேல்.

செட்டிங்ஸில் கேம் மோடைத் தேடிப் போடுங்கள், செலவில்லை. சீரியல் பார்க்கும்போது மாற்றிக்கொள்ளலாம், அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆன்லைனில் ஆடுகிறவர்கள், முக்கியமாக விடுதி வைஃபையில் ஆடுகிற கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், முதலில் வாங்க வேண்டியது ஒரு லேன் கேபிள். சுவர் தாண்டி வரும் வைஃபை விட்டுவிட்டு வருவதை எந்த ஸ்டிக்கும் சரிசெய்யாது.

போட்டிகளில் வயர் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடி முடித்தவர் எழுந்து போன பிறகும் அவருடைய வயர்லெஸ் பேட் கன்சோலோடு சேர்ந்தே இருக்கும். பையில் பட்டன் அழுந்தினால் அடுத்தவர்கள் ஆட்டம் நடுவில் நின்றுவிடும்.

நம்பிக்கை: லீவர்லெஸ் என்பது ஏமாற்று வேலை.

குச்சி இல்லாமல் திசைக்கும் பட்டன்களே வைத்த பெட்டி இது. குச்சி இடமிருந்து வலம் போக நடுவைக் கடக்க வேண்டும். பட்டனில் ஒரு விரலை எடுத்து இன்னொன்றை வைத்தால் போதும். வேகம் உண்மை. சர்ச்சை வந்தது வேறு இடத்தில். குச்சியால் ஒரே சமயத்தில் இடமும் வலமும் போக முடியாது, விரல்களால் இரண்டையும் சேர்த்து அழுத்த முடியும். அப்போது எந்தத் திசையை ஏற்பது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் நிரல்தான் முடிவு செய்கிறது. பின்னால் அழுத்திச் சேமித்து, முன்னால் தட்டி சோனிக் பூம் விடும் கைல் போன்ற ஸ்ட்ரீட் ஃபைட்டர் பாத்திரங்களுக்கு இந்த முடிவால் பெரிய அனுகூலம் கிடைக்கக்கூடும். ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா 2019-இல் எடுத்த ஒரு பெட்டியை காப்காம் தன் போட்டித் தொடரில் அனுமதிக்கவில்லை. பிறகு 2023-இல் விதியைத் தெளிவாக்கினார்கள்: எதிரெதிர்த் திசைகளைச் சேர்த்து அழுத்தினால் இரண்டும் செல்லாது, எதுவும் அழுத்தாத கணக்கு. அந்த விதிக்குள் வரும் லீவர்லெஸ் சட்டப்படி சரியானது. ஏமாற்று வேலை என்று இன்னும் சொல்கிறவர்கள் அதனிடம் தோற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிப் பிறந்ததுதான் கீபோர்டில் ஃபைட்டிங் கேம் ஆட முடியாது என்பது. லீவர்லெஸ்ஸே விரல்களுக்கு ஏற்ப அடுக்கிய கீபோர்டுதானே? டெக்கனில் மிஷிமா குடும்பத்தின் ‘எலக்ட்ரிக்’ குத்துக்குக் கீழ்முன் திசையும் குத்துப் பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். கீபோர்டில் பழகியவருக்கு இது கஷ்டமில்லை. மலிவான கீபோர்டின் கோளாறு வேறு: செலவைக் குறைக்கப் பல சாவிகள் ஒரே கம்பிப் பாதையைப் பகிர்ந்துகொள்ளும், சில கூட்டணிகளில் மூன்றாவது சாவி பதிவாகாது. சோதிப்பது சுலபம். நோட்பேடைத் திறந்து S, D, J மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மூன்றும் விழாவிட்டால் பட்டன்களை வேறு சாவிகளுக்கு மாற்றிப் பாருங்கள். அம்புக்குறிகளை நம்பாதீர்கள், பல கீபோர்டுகள் அங்கேதான் காலை வாரும்.

விலை கூடினால் தரம் கூடும் என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பேடில் பார்க்க வேண்டியது சிலுவை போன்ற திசைப் பட்டனை. கீழே இருந்து முன்னால் உருட்டும்போது குறுக்குத் திசை தவறாமல் விழுகிறதா என்பதுதான் பரீட்சை. அனலாக் குச்சி தானாக நகரும் பழைய பேடைக் கால்பந்து ஆடுகிறவர்கள் கழித்துக் கட்டுவார்கள். கம்ப்யூட்டரில் ஸ்டீமின் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் அந்த அனலாக்கை அணைத்துவிட்டால் ஃபைட்டிங் கேமுக்கு அது நன்றாகவே உழைக்கும். ராஜபாளையம் போன்ற பஞ்சாலை ஊரில் தூசுக்கு மட்டும் ஓர் உறை தைத்துப் போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால்கோவா தின்றால் கை கழுவிவிட்டு உட்காரவும்.

வயதானால் கை ஓடாது என்பது இன்னொன்று. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியாவுக்காக மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. திசை உருட்டித் தாக்குதல் போடவே வரவில்லை என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் முறை இருக்கிறது. ஒரே பட்டனில் தாக்குதல் வரும், அதற்குச் சேதம் 20 சதவீதம் குறையும். கன்ட்ரோலரை மாற்றும் முன் இதை மாற்றிப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் லீவர்லெஸ் வேண்டும் என்பவர் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சிறு பலகை சில நூறு ரூபாய். ஜிபி2040-சிஇ என்ற நிரல் இலவசம். எதிர்த்திசை விதியை அதிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆர்கேட் பட்டன்கள் பெரும்பாலும் 30 மில்லிமீட்டர் அல்லது 24 மில்லிமீட்டர். பலகையில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டுத் தர நம் ஊர்த் தச்சர் போதும், பட்டன் வந்த பிறகு அளவைக் காட்டிப் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் செருகியதும் வேலை செய்யும். பிஎஸ்5-இல் அப்படியே செருகினால் நடக்காது, சோனியின் அங்கீகாரச் சோதனையைத் தாண்ட அதற்கென்று தனிக் கருவி வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.