‘அகதி’ என்ற பெயர் எத்தனை தலைமுறைக்கு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக. உங்களுக்கும் எனக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இந்தக் குத்பாவை ஆரம்பிக்கிறேன்.

1990 ஒக்டோபரில், யுத்தத்தின் நடுவே, வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, நகை எல்லாம் விட்டுவிட்டு, கையில் சில நூறு ரூபாவோடு நடந்தார்கள். மன்னார் மக்கள் பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வடக்கை இழந்தவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது நமது புத்தளத்துக்கு.

அன்று இந்த ஊர் பள்ளிவாசலைத் திறந்தது. பாடசாலையைத் திறந்தது. தன் வீட்டு உலையில் இன்னொரு படி அரிசி போட்டது. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக!

ஆனால் சகோதரர்களே, நாட்கள் ஆண்டுகளாயின. கிணற்றுத் தண்ணீர், பாடசாலையில் இடம், உப்பளத்தில் கூலி எல்லாவற்றிலும் நெருக்கடி வந்தது. அந்தப் பாரம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. அந்த நெருக்கடியில்தான் ‘அகதி’ என்ற சொல் ஏச்சாக மாறியது. அன்று தாயின் இடுப்பில் வந்த பிள்ளை இன்று தகப்பனாகிவிட்டார். அவருடைய மகள் இங்கே பிறந்தவள், இங்கே ஓதியவள். அவளுக்குச் சம்பந்தம் பேசும்போதும் “அகதிக் குடும்பமா?” என்று கேட்கிறோமே, இது நியாயமா?

மதீனாவைப் பாருங்கள். ஸஃது இப்னு ரபீஃ (ரழி) தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டுச் சென்று உழைத்தார். கொடுத்தவர் சொல்லிக் காட்டவில்லை. வந்தவர் சும்மா இருக்கவுமில்லை.

அதே மதீனாவில் இன்னொரு சம்பவமும் உண்டு. ஹிஜ்ரத் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு போர்ப் பயணத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் சச்சரவு. ஒருவர் அன்ஸாரிகளை அழைத்தார், மற்றவர் முஹாஜிர்களை அழைத்தார். நபி (ஸல்) அவர்கள் அதை ஜாஹிலிய்யத்தின் அழைப்பு என்றும், துர்நாற்றம் வீசுவது, விட்டுவிடுங்கள் என்றும் கண்டித்தார்கள். யோசித்துப் பாருங்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை அல்லாஹ்வே குர்ஆனில் புகழ்ந்த பெயர்கள். அவையே ஒருவருக்கொருவர் எதிராக நிற்கப் பயன்பட்டபோது நாறிப்போயின. அப்படியானால் நாம் இழிவுக்காகவே சொல்கின்ற ‘அகதி’யின் நிலை என்ன?

அந்தச் சச்சரவைச் சாக்காக வைத்து, வந்தவர்களை மதீனாவிலிருந்து வெளியேற்றுவோம் என்று பேசியவன் யார்? அப்துல்லாஹ் இப்னு உபை, முனாபிக்குகளின் தலைவன். அல்முனாபிகூன் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் அவனுடைய பேச்சை அம்பலப்படுத்தியது. “வந்தவர்கள் நம் பங்கைப் பறிக்கிறார்கள்” என்று பேசுமுன், நாம் யாருடைய நாவைக் கொண்டு பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டப் பெயர் சூட்டி அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுத்திருப்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வடக்கிலிருந்து வந்த என் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அன்ஸாரிகளே எல்லா நன்மைகளையும் கொண்டு போய்விடுவார்களோ என்று முஹாஜிர்கள் கவலைப்பட்டபோது, அவர்களுக்காக துஆச் செய்து, அவர்களின் நன்மையை எடுத்துச் சொல்லும் காலமெல்லாம் அப்படியில்லை என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். அன்று உங்களுக்குச் சோறு போட்ட கைகளை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் நம் பிள்ளைகளின் நாவிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுவோம். பிள்ளைகள் அதை நம்மிடம்தான் படித்தார்கள். சம்பந்தம் பேசும்போது மார்க்கத்தையும் குணத்தையும் விசாரிப்போம். பாட்டனார் எந்தத் தோணியில் வந்தார் என்று விசாரிக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை ஒன்றிணைப்பாயாக. வீடிழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொடுப்பாயாக. ஆமீன்.