வாய்க்கால் நீரும் வண்டன்மேட்டு ஏலக்காயும்

அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் நாள் தேக்கடி மதகு திறக்கப்படுகின்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தைக் கடந்து, லோயர்கேம்ப் மின் நிலையத்தில் சுழலிகளை ஓட்டிவிட்டு, அந்த நீர் நம் வாய்க்கால்களுக்கு வந்து சேருகின்றது. கம்பம் பள்ளத்தாக்கு உழவர் பெருமக்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் அது எந்த மழையின் நீர் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழ வேண்டிய பெரியாற்றின் நீர் அது. மலைக்கு அப்பால் உள்ள காட்டில் பெய்த மழை, மலைக்கு இப்பால் நம் நாற்றை நனைக்கின்றது.

நாம் எழுதும் பயிர்க் கட்டுரைகள் பெரும்பாலும் வரப்போடு நின்றுவிடுகின்றன. விதை, உரம், பூச்சி மருந்து, மகசூல் என்று நானும் அவ்வாறே எழுதி வந்தேன். ஆனால் ஒரு வயலின் நன்மை தீமைகள் பல, அந்த வயலைக் கண்ணாலும் காணாத இடங்களில் முடிவாகின்றன. இதை ஒரு தனி ஆய்வுத் துறையாகவே வளர்த்துள்ளனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியாங்குவோ லியு என்பவரும் அவருடைய சகாக்களும் 2013-இல் இதற்கு ஒரு கட்டமைப்பை வெளியிட்டனர். தமிழில் ‘தொலைப் பிணைப்பு’ எனலாம். அனுப்பும் இடம் ஒன்று, பெறும் இடம் ஒன்று. இவ்விரண்டின் கொடுக்கல் வாங்கலில் பங்கில்லாமலே பாதிக்கப்படும் மூன்றாம் இடமும் ஒன்று உண்டு. இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

நமக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1970-இல் அது ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. நீர் கிழக்கே வருகின்றது. நெல்லும் காய்கறியும் பாலும் வேலையாட்களும் மேற்கே செல்கின்றனர். தொலைப் பிணைப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உத்தமபாளையம் பக்கம் ஒரு பயிற்சியின்போது இதைச் சொன்னதும் பெரியவர் ஒருவர் எழுந்து, “தண்ணி சரி சார், நாங்க நெல்லு போடுறவங்க. மேல விளையிற ஏலக்காய்க்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விடை சற்று நீளமானது.

வண்டன்மேட்டிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய்க்குக் கிடைக்கும் விலை இடுக்கி மலையில் மட்டும் முடிவாவதில்லை. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாதமாலா நாட்டுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் நம் நாட்டு ஏலச் செடியை அங்கே கொண்டுபோய் நட்டார். அந்நாட்டு மக்கள் ஏலக்காயை அதிகம் உண்பதில்லை. விளைவதில் பெரும்பகுதியை அரபு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து, இன்று உலக ஏற்றுமதியில் அந்நாடே முன்னிற்கின்றது. அங்கே பயிர் பொய்த்தால் இங்கே விலை ஏறுகின்றது. அங்கே விளைந்து குவிந்தால் இங்கே சரிகின்றது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழிந்தன. அதை அடுத்து வந்த கோடையில் வறட்சி. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காயின் அதிகபட்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. இதைக் கண்டு நகையை அடகு வைத்துத் தோட்டம் குத்தகை பிடித்தவர்களை நான் அறிவேன். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் சரியான காய்ப்புக்கு வரும். 2019-இல் நட்ட செடி காய்க்கத் தொடங்கிய 2021-22-இல் கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. உச்ச விலையைப் பார்த்து நடுகின்றவர், அறுவடைக் காலத்து விலையைத்தான் பெறுவார்.

இனி அப்பெரியவரின் கேள்விக்கு வருவோம். கம்பம், கூடலூர், போடி ஊர்களில் விடியற்காலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றன. ஏலக்காய் விலை ஏறினால் மலைக் கூலியும் ஏறும். அப்போது இங்கே நடவுக்கு ஆள் கிடைக்காது. நாற்று வயது கடந்து நட்டால் தூர் குறையும், மகசூல் குறையும். எங்கோ குவாதமாலாவில் மழை தவறியதற்குச் சின்னமனூர் வயலில் தூர் குறைவது இப்படித்தான். திரும்பும் வழியும் உண்டு. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை சூடேறியபோது எல்லை அடைபட்டது. நம் ஊர்ப் பெண்கள் கூலியை இழந்தனர், மலையில் பறிப்பு நின்றது. 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோதும் அதே நிலைதான்.

ஆகவே முதற்போக நாற்று விடுமுன் மலையில் பறிப்பும் கூலியும் எவ்வாறு உள்ளன என்று விசாரித்துக்கொள்வது வீண் வேலை அன்று. ஆள் பற்றாக்குறை வரும் என்று தெரிந்தால் பாய் நாற்றங்கால் அமைத்து, 14 முதல் 18 நாள் வயது நாற்றை இயந்திரத்தால் நடத் திட்டமிடலாம். நடவு இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம்.

பூச்சிமருந்தும் இவ்வாறே பயணம் செய்கின்றது. எச்ச நச்சு காரணமாகச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்தது. 2015-இல் கேரள அரசு தமிழ்நாட்டுக் காய்கறிகளில் எச்ச நச்சைச் சோதித்துக் கண்டிப்புக் காட்டியது. மருந்து தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விடவேண்டிய காத்திருப்புக் காலம் மருந்துப் புட்டியின் சீட்டில் அச்சிடப்பட்டுள்ளது. தக்காளிக்கும் திராட்சைக்கும் அதைப் பார்த்துப் பறியுங்கள்.

வாழைக்கு இடும் பொட்டாஷ் உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டக்கால் வாழைக்கு மரம் ஒன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் சாம்பல் சத்து 330 கிராம். மூரியேட் ஆப் பொட்டாஷாக 550 கிராம் ஆகும். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 13 மூட்டை. இந்த உரம் கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகளின் சுரங்கங்களிலிருந்து கப்பலில் வருகின்றது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். மண் பரிசோதனை செய்யாமல் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து இரண்டு மூட்டை கூடுதலாக இடுவது, கடல் கடந்து வந்த பொருளை நிலத்தில் கொட்டுவதாகும்.

கடைசியாக மீண்டும் நீர். பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488 ஏக்கர். இந்த நிலம் முழுவதும் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்த 5 கோடியே 34 லட்சம் கன அடி நீர் தேவை. வினாடிக்கு 200 கன அடி வீதம் திறந்தால் இது மூன்று நாள் நீர். மேலே சொன்ன மூன்றாம் இடம் இங்கே யார்? நமக்குக் கீழே வைகைப் பாசனத்தின் கடைமடையில் உள்ள இராமநாதபுரத்து உழவர்தான். மலைக்கு அப்பாலுள்ளவரிடம் நீர் கேட்கும் நாம், கீழேயுள்ளவருக்கு எவ்வளவு விடுகின்றோம் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

நெல்லுக்குக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையே இதற்கு ஏற்றது. ஓரடி நீளமுள்ள பி.வி.சி. குழாய் அல்லது மூங்கில் துண்டு ஒன்றை எடுத்து, கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிடுங்கள். நடவு செய்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, துளையிட்ட பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வரப்போரமாகப் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை அகற்றிவிடுங்கள். குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்குக் கீழே அரையடி இறங்கிய பிறகே மறுபடி இரண்டு அங்குலம் நீர் பாய்ச்சினால் போதும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்த பின் ஒரு வாரம் வரை மட்டும் வயலில் நீர் குறையாமல் இருக்க வேண்டும்.