எழுந்தவுடன் வரும் தலைச்சுற்றல்

குழித்தறியில் நெடுநேரம் நெய்துவிட்டு எழும் நெசவாளருக்குக் கண் இருளுகிறது. களை பறித்து நிமிரும் மாதருக்கும் அவ்வாறே. பித்தமென்று சுக்குக் கஷாயம் பருகி மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். பல சமயங்களில் அது இரத்த அழுத்தத்தின் வீழ்ச்சியேயாகும்.

நாம் எழுந்து நிற்கையில் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் வயிற்றிலும் கால்களிலும் இறங்குகிறது. நரம்புகள் உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி அதனை ஈடு செய்தல் வேண்டும். உடலில் நீர் வற்றியவரிடமும், நீரிழிவால் நரம்பு தளர்ந்தவரிடமும், சில மாத்திரைகள் உண்போரிடமும் இது தவறுகிறது.

உட்காரவைத்து ஒருமுறை அளந்தால் இந்நோய் அகப்படாது. ஐந்து நிமிஷம் படுத்திருந்தபின் அளந்து, நின்ற 1ஆம், 3ஆம் நிமிஷங்களில் மீண்டும் அளக்க வேண்டும். மேல் எண்ணில் 20 அல்லது கீழ் எண்ணில் 10 குறைந்தால் ஐயமில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லம் வரும் பணியாளரிடம், “நிற்கவைத்தும் பாருங்கள்” என்று அங்கத்தினர்கள் தயங்காது கேட்கலாம். மாத்திரையைத் தாமே நிறுத்துதல் தகாது. வைத்தியரே அளவை மாற்றட்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நின்றே வேலை செய்யும் நம் பிள்ளைகளோ, வெறும் வயிற்றுடன் முறைப் பேருந்தில் ஏறுகின்றனர்! நின்று உழைப்போர்க்கு இருக்கை வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவே விதித்திருந்தது. நிற்கும்போது கெண்டைக்கால்களை அடிக்கடி இறுக்கித் தளர்த்துக. நீர் தாராளமாகப் பருகுக. இருதய, சிறுநீரக நோயாளர் மட்டும் நீரின் அளவையும் உப்பையும் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். கண் இருண்டால் நாணாது உடனே உட்காருக.

முதியோர் இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் விழுவதனாலேயே. இரவில் எழும் பெரியவர்கள், ஒரு நிமிஷம் கட்டிலோரத்தில் அமர்ந்து, கால்களை அசைத்த பின்னரே நடப்பாராக.