கயிறு பிடிக்கும் கைகள்

மருமகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உடற்பயிற்சி ஆசிரியனாக உத்தியோகம் ஏற்ற ஆறு மாதத்துக்குள் நீ இவ்வளவு மனம் சோர்ந்து எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மைதானத்தில் புல்லைவிட நெருஞ்சிதான் அதிகம் என்கிறாய். பந்து வாங்கக்கூட நிர்வாகத்தார் யோசிக்கிறார்கள் என்கிறாய். அவை போகட்டும், அரும்பாடுபட்டு ஒரு பையனைத் தேற்றினால் அவன் கை திருந்துகிற சமயத்தில் பரீட்சையை எழுதிவிட்டுப் போய்விடுகிறான், ஆகையால் கல்லூரியில் அணி கட்டுவதென்பது ஆற்று மணலில் வீடு கட்டுவதுதான் என்று முடித்திருக்கிறாய். முதல் இரண்டு குறைகளும் உன் கல்லூரிக்கு உரியவை. அவற்றைப் பற்றி இங்கிருந்துகொண்டு நான் என்ன சொல்ல முடியும்? மூன்றாவது அப்படியன்று. அது கல்லூரி விளையாட்டு என்னும் ஏற்பாட்டின் சுபாவமே. அந்தச் சுபாவத்தோடு கால் நூற்றாண்டுக்கு மேல் மல்லாடி, மணலிலே கல் கட்டடம் எழுப்பிக் காட்டிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். நேரில் அல்ல, அவர் ஆட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வந்த வகையில். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவர் பெயர் ஸ்கிப் பெர்ட்மன். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கு 1984 முதல் 2001 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் முறை. பந்தை எறிகிறவன், மட்டையால் அடிக்கிறவன், ஓடிச் சேர்கிறவன் என்ற மூன்று பேரை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போவது உனக்கு விளங்கும். அந்த நாட்டில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் பள்ளியை முடித்தவுடனே தொழில்முறை அணிகள் அவனை விலைபேச வந்துவிடுகின்றன. அதை மறுத்து நான்காண்டுப் பட்டப் படிப்புக்கு வந்தவனையும், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அல்லது அவனுக்கு 21 வயது நிறைந்ததும், அவர்கள் மறுபடி கூப்பிடலாம். எனவே கல்லூரிப் பயிற்சியாளனிடம் மிகச் சிறந்தவன் தங்கும் காலம் பெரும்பாலும் மூன்றே ஆண்டுகள். அதற்கு மேல் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஒரு கல்லூரி தன் பேஸ்பால் அணி முழுமைக்கும் கொடுக்கக்கூடிய உபகாரச் சம்பளம் 11.7 பேருக்கு உரிய தொகைதான் என்று விதி இருந்தது. அண்மையில்தான் அந்த வரம்பு நீங்கிற்று. 11.7 என்ற எண்ணைக் கவனி. முப்பது பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினொன்றே முக்கால் படி அரிசிகூட இல்லாமல் பொங்கிப் போடுகிற தாயைப்போல, இவனுக்குப் பாதி, அவனுக்குக் கால், இன்னொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று பயிற்சியாளன் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. பங்கு கிடைக்காதவனும் மனம் கோணாமல் வெயிலில் வந்து நிற்கும்படி செய்ய வேண்டியிருந்தது. உன் கஷ்டம் உலகத்தில் உனக்கு மட்டும் வந்ததன்று என்று தெரிந்துகொள்வதிலும் ஒரு சிறு ஆறுதல் உண்டல்லவா?

பெர்ட்மன் இந்த வித்தையைப் பயின்ற குருகுலம் ஃபுளோரிடாவில் உள்ள மயாமி. அங்கே மயாமி பீச் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்து 1970இல் மாநில வாகை சூடிய பிறகு, மயாமி பல்கலைக்கழகத்தில் ரான் ஃபிரேசர் என்பவரிடம் 1976 முதல் 1983 வரை துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். இந்த ஃபிரேசரைப் பற்றி உனக்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்கு 2,200 டாலர். மாணவர்களுக்குக் கொடுக்க உபகாரச் சம்பளம் ஒன்றுகூட இல்லை. அந்த மனிதர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆட்டம் பார்க்க ஊரார் வந்தால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் மைதானம் வரும், மைதானம் இருந்தால்தான் நல்ல பையன்கள் வருவார்கள் என்று கண்டுகொண்டு, மைதானத்தில் விதவிதமான கேளிக்கைகளை ஏற்பாடு செய்து ஜனங்களை வரவழைத்தார். 1977இல் மைதானத்தின் நடுவிலேயே மேஜை போட்டு, இலை ஒன்றுக்கு 5,000 டாலர் என்று கட்டணம் வைத்து, ஊர்ச் செல்வந்தர்களுக்கு விருந்து நடத்தி நிதி திரட்டினார். ஆட்டக்காரர்கள் புழுதியில் விழுந்து புரளுகிற இடத்தில் கனவான்கள் அமர்ந்து உண்டார்கள்! கௌரவம் பார்க்கிற மனிதருக்கு இந்த யோசனை உதித்திருக்காது. முப்பது ஆண்டுகளில் 1,271 வெற்றி கண்டார் ஃபிரேசர்; தோல்வி மிகுந்த ஆண்டு என்று ஒன்றுகூட அவர் கணக்கில் இல்லை.

பெர்ட்மன் அவரிடம் கற்ற பாடத்தின் ஒரு பாதி இது. மறுபாதி என்னவென்பதை 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹா நகரில் நடந்த ஒரு காட்சியைக் கொண்டு சொல்கிறேன். கல்லூரிகளின் தேசியப் போட்டி ஆண்டுதோறும் அந்த ஊரில்தான் நடக்கும். பேஸ்பால் ஆடும் மாணவனுக்கு ஓமாஹா என்றால் அது ஊர்ப் பெயர் மட்டுமன்று, ஒரு க்ஷேத்திரத்தின் பெயர். அன்று மயாமிக்கு எதிரில் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகம். மயாமி ஒரே ஓர் ஓட்டம் முன்னிலையில் இருக்கையில், எதிரணியின் ஃபில் ஸ்டீஃபன்சன், ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டுச் சுற்றிவர வேண்டிய தளங்களில் முதல் தளத்தில் வந்து நின்றான். பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அந்த ஆட்டத்தில் தளத்தைத் திருடுதல் என்பார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 80க்கு மேற்பட்ட தளங்களைத் திருடியிருந்த மின்னல்காலன் அவன். அவனை வேகத்தில் வெல்ல எவராலும் ஆகாது. மயாமியின் பந்தெறிபவன் கஸ்பிரஸாக் எறிமேட்டிலிருந்து காலை எடுத்து, முதல் தளத்தை நோக்கிக் கையை வீசினான். ஸ்டீஃபன்சன் தலைகுப்புறப் பாய்ந்து தளத்தைத் தொட்டான். அதே கணத்தில் முதல் தளக் காவலன் லஸ்பி, கைக்குத் தப்பிய பந்தைப் பிடிக்க விழுகிறவனைப்போல விழுந்து புரண்டான். ஓரத்தில் அமர்ந்திருந்த மாற்றுப் பந்தெறிபவர்கள், தங்கள் பக்கம் உருண்டு வரும் பந்துக்கு விலகுகிறவர்களைப்போலப் பதறி எழுந்தார்கள்; ஆட்டக்காரர் கூடாரத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. எழுந்து பார்த்த ஸ்டீஃபன்சன், பந்து எங்கோ போய்விட்டதென்று நம்பி இரண்டாம் தளத்துக்கு ஓடினான். பந்தோ கஸ்பிரஸாக்கின் கையுறையை விட்டு வெளியே வரவேயில்லை! நிதானமாக அதை எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிய, அந்த வேகக்காரன் ஆட்டமிழந்தான். மயாமி 4க்கு 3 என்று வென்று, சில நாளில் அதே விச்சிட்டாவை இறுதி ஆட்டத்தில் மீண்டும் வீழ்த்தி முதன்முறையாக வாகை சூடியது. அந்தத் தந்திரத்தைப் 'பெரும் மாயை' என்று இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள்.

இதில் சாமர்த்தியம் கஸ்பிரஸாக்குடையது என்று நீ நினைக்கலாம். என் மனம் அந்த ஓர விசிப்பலகையில்தான் நிற்கிறது. அன்று ஆட வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருந்த பையன்கள், ஒரு கணம் பிந்தியிருந்தாலும், ஒருவன் சிரித்துவிட்டிருந்தாலும், எல்லாம் பாழாகியிருக்கும். மைதானத்தில் கால் வைக்காதவனுக்கும் அந்த வெற்றியில் ஒரு வேஷம் கொடுத்து, அந்த வேஷத்தையும் சிரத்தையாக ஒத்திகை பார்க்க வைத்த துணைப் பயிற்சியாளர்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. பெர்ட்மன் அவர்களில் பிரதானமானவர்.

1983இல் அவரை லூசியானா அழைத்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் பேட்டன் ரூஜ் என்ற ஊர். அங்கே ஜனங்களின் அபிமானமெல்லாம் அமெரிக்கக் கால்பந்தின் மீது. பேஸ்பால் அணி அதுவரை ஒருமுறைகூட ஓமாஹாவை எட்டியதில்லை. 1938இல் கட்டிய பழைய அரங்கம் ஒன்று இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு யுத்தத்துக்குப் போய் 1943இல் வட ஆப்பிரிக்காவில் உயிர்நீத்த அலெக்ஸ் பாக்ஸ் என்ற இளைஞனின் பெயரை அதற்கு இட்டிருந்தார்கள். அந்தப் பெயர் மட்டும் அங்கே நிறைந்திருந்தது, இருக்கைகள் நிறையவில்லை. பெர்ட்மன் ஃபிரேசரின் வழியிலேயே தொடங்கினார். ஊரிலுள்ள சங்கங்களின் கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார். பருவம் முழுமைக்குமான சீட்டை வாங்கச் சொல்லித் தாமே கேட்டார். பயிற்சியாளனுக்கு இது தகுமா என்று நீ கேட்டால், வேறு யாருக்குத் தகும் என்று நான் திருப்பிக் கேட்பேன். தான் செய்கிற காரியத்தில் தனக்கே நம்பிக்கை இருக்கிறது என்று பிறர் வாசலில் நின்று சொல்லத் தெரியாதவனிடம் எந்தத் தகப்பன் தன் பிள்ளையை ஒப்படைப்பான்? 1996இலிருந்து வரிசையாகப் பல ஆண்டுகள், நாட்டிலுள்ள எல்லாக் கல்லூரிகளிலும் பேஸ்பாலுக்கு அதிகக் கூட்டம் சேர்ந்த இடம் அந்த அரங்கம்தான்.

ஆனால் அவசரப்படாதே. 1986இல் முதன்முறையாக ஓமாஹா போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். 1987, 1989, 1990 ஆகிய ஆண்டுகளிலும் அப்படியே. பக்கத்து ஊரான டென்ஹம் ஸ்பிரிங்ஸில் வளர்ந்த பென் மெக்டொனால்ட் என்ற மகா பந்தெறிபவன் அந்த அணியில் இருந்தான். 1989இல் தொழில்முறை அணிகள் நாடு முழுவதிலிருந்தும் முதல்வனாகப் பொறுக்கிக்கொண்டவன் அவன். அவன் இருந்தபோது வராத வாகை, அவன் போன பிறகு 1991இல், பெர்ட்மனின் எட்டாவது பருவத்தில் வந்தது. உன் மூன்றாவது குறைக்கு நான் இதைவிட நேரான விடை தேடவில்லை.

அவர் தம் பையன்களுக்கு ஓர் உவமை சொல்லுவார். செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து நீ கயிற்றில் தொங்குகிறாய். மேலே அந்தக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டிருக்க உன் அணியில் யாரை நம்புவாய், உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தாலும் விடாமல் நிற்பவன் யார், அப்படி மற்றவர்கள் உன்னை நம்பலாமா என்று கேட்பது அந்த உவமையின் சாரம். 'கயிற்றைப் பிடி' என்பது அந்த அணியின் தாரக மந்திரமாயிற்று. வெற்றிக் களிப்பில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவியும் காட்சியை முன்கூட்டியே மனக்கண்ணில் கண்டு பழகவும் அவர் கற்பித்தார். கேட்பதற்கு இவை எளிய உபதேசங்களாகத் தோன்றும். விசேஷம் என்னவென்றால், போகிற பையன் அதை வருகிற பையனுக்குச் சொல்லிவிட்டுப் போனான். ஆள் மாறினாலும் பேச்சு மாறவில்லை.

அந்தக் கயிறு எவ்வளவு கனம் தாங்கும் என்பது 1996ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி தெரிந்தது. இறுதி ஆட்டம், எதிரில் பெர்ட்மன் தாமே படித்து ஆடிய, துணைப் பயிற்சியாளராக வளர்ந்த அதே மயாமி. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, இன்னும் ஒருவன் போனால் முடிந்தது; மயாமி 8, லூசியானா 7; மூன்றாம் தளத்தில் ஒருவன் காத்திருக்கிறான். மட்டையோடு வந்தவன் வாரன் மோரிஸ், வரிசையில் ஒன்பதாவது ஆள். பேஸ்பாலுக்கென்று உபகாரச் சம்பளம் எதுவும் பெறாமல், படிப்பின் பலத்தால் சேர்ந்து, தானாக வந்து அணியில் இடம் கேட்டவன் அவன். அந்தப் பருவத்தில் கையில் சிறு எலும்பு முறிந்து சஸ்திர சிகிச்சை ஆகி, பெரும்பாலான ஆட்டங்களில் உட்கார்ந்தே இருந்தான். பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிட்டு, தளங்களில் நிற்பவர்களோடு தானும் சுற்றி வந்து சேரும் ஹோம் ரன் ஒன்றைக்கூட அவ்வாண்டில் அதுவரை அடிக்கவில்லை. முதல் பந்தே வளைந்து வந்தது. மோரிஸ் அடித்தான், பந்து தாழ்ந்து பறந்து வலப்புற வேலியைத் தாண்டி விழுந்தது. 9க்கு 8. மயாமியின் காவலர்கள் நின்ற இடத்திலேயே சரிந்தார்கள். அவர்களில் ஒருவனான அலெக்ஸ் கோரா முகம் மண்ணில் படக் கிடந்தான். அந்தப் பையன் பிற்காலத்தில் பாஸ்டன் அணியின் நிர்வாகியாகி 2018இல் தொழில்முறை உலக வாகையையே வென்றான் என்பதையும் உனக்குச் சொல்லிவைக்கிறேன். மண்ணில் கிடந்தவன் எழுந்ததையும் அறிய வேண்டுமல்லவா?

கால்பங்குகூடக் கிடைக்காத ஒரு பையன், ஆடாத நாட்களிலும் விட்டுப் போகாமல் இருந்ததால் அன்று அங்கே நிற்க முடிந்தது. மட்டை வீச்சை மோரிஸுக்கு யார் கற்பித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனை இருக்க வைத்தது எது என்றுதான் கேட்கிறேன்.

1993, 1997, 2000 ஆண்டுகளிலும் வாகை வந்தது, மொத்தம் ஐந்து. 1997இல் அந்த அணி 188 ஹோம் ரன்கள் அடித்துக் கல்லூரி ஆட்டத்தின் சரித்திரத்தில் உச்சத்தைத் தொட்டது. 870 வெற்றிகளோடு பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகிய பெர்ட்மன், 2001 முதல் 2008 வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை முழுமைக்கும் தலைவராக இருந்தார். மயாமி வட்டாரத்துப் பயிற்சியாளர் பரம்பரையில் வந்த பால் மெய்னியரியை 2006இல் அவரே பொறுக்கி நியமித்தார். 2009இல் புது அரங்கம் திறந்தது. அவ்வாண்டே மெய்னியரி வாகையோடு வந்தார். பிறகு ஜே ஜான்சன் என்பவரின் தலைமையில் 2023இலும் 2025இலும் மீண்டும் வாகை. பெர்ட்மனிடம் ஆடிய ஒரு பையன்கூட இப்போது அந்த அணியில் இல்லை. அரங்கத்துக்கு யுத்தத்தில் இறந்த அலெக்ஸ் பாக்ஸின் பெயர் அப்படியே நிலைத்திருக்கிறது. அதனுள்ளே உள்ள ஆடுகளத்துக்கு 2013இல் பெர்ட்மன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சனிக்கிழமைதோறும் ஆட்டம் நடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதவில்லை. அதையும், அணியில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு ஆட்ட நேரத்தில் நீ என்ன வேலை கொடுக்கிறாய் என்பதையும் அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. நெருஞ்சியைக் கொத்த அவர்களோடு நீயும் மண்வெட்டி எடுக்கிற நாளைத் தெரிவித்தால், முதுகுவலி அநுமதிக்குமானால், நானும் வருகிறேன். அக்காளை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்